ஒரு காதில் மட்டும் இரைச்சல்: ஸ்கேன் எப்போது, எதற்காக?

கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களிலிருந்தும் ஜவ்வாது மலையின் அடிவாரத்திலிருந்தும் எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோர் சொல்லும் குறைகளுள் காதிரைச்சலும் ஒன்று. சிலருக்கு அது சில்வண்டு கத்துவது போல இருக்கும். சிலருக்குக் குக்கரிலிருந்து ஆவி சீறுவது போலவும், வேறு சிலருக்குத் தொலைவில் பம்புசெட்டு ஓயாமல் ஓடுவது போலவும் கேட்கும். வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஒலி கேட்பதை மருத்துவத்தில் டின்னிட்டஸ் என்கிறோம். இது தனி நோய் அன்று, வேறொன்றின் அறிகுறி. பெரும்பாலும் கேட்கும் திறன் சிறிதளவு குறைந்திருப்பதன் அறிகுறியே அது.

இரு காதுகளிலும் சம அளவில் கேட்கும் இரைச்சலைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. ஒரு காதில் மட்டும், வலத்திலோ இடத்திலோ, வாரக்கணக்கில் நீங்காமல் ஒலிக்கும் இரைச்சலையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். இதனோடு வரும் குடும்பத்தாரை இரு வகையாகக் காண்கிறோம். ஒரு வகையினர், யாரோ சொன்ன ‘மூளையில் கட்டி’ என்ற சொல்லைக் கேட்டு உறக்கம் தொலைத்து, நகையை அடகு வைத்தாவது அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்று வந்து நிற்பார்கள். மற்றொரு வகையினர், வெதுவெதுப்பான எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளை ஓட்டிவிட்டு, அந்தக் காதில் தொலைபேசியை வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை என்ற நிலையில் வருவார்கள். முன்னவருக்குச் செலவும் கலக்கமும். பின்னவருக்குக் கேட்கும் திறனே இழப்பு. ஸ்கேன் எந்தக் கேள்விக்கு விடை தரும், எதற்குத் தராது என்பதை இருவருமே அறிந்திருப்பது நல்லது.

ஒரு பக்கம் என்பது ஏன் முக்கியம்?

வயது முதிர்வும், பட்டறை இரைச்சலும், நீரிழிவும், காசநோய்க்குப் போடப்படும் சில ஊசிமருந்துகளும் காதைப் பாதிக்கும்போது, பெரும்பாலும் இரு காதுகளையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பாதிக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் குறை ஏற்பட்டால், அந்தப் பக்கத்தில் மட்டும் என்ன நேர்ந்தது என்று தேட வேண்டிய கடமை மருத்துவருக்கு வருகிறது. விடை பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். குரும்பி கட்டியாகி அடைத்திருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். ஒரு காதின் அருகே பட்டாசு வெடித்திருக்கலாம். எப்போதும் ஒரே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசுவோரும் உண்டு.

அரிதாக, மிக அரிதாக, அந்தப் பக்கத்துச் செவிநரம்பை ஒட்டிய ஒரு கட்டி காரணமாக இருக்கும். உள்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது மூளை நரம்புக்கு இரண்டு வேலைகள் உண்டு: ஒரு கிளை கேட்பதற்கு, மறு கிளை உடலின் சமநிலைக்கு. சமநிலைக் கிளையைச் சுற்றியுள்ள உறைச் செல்களிலிருந்து எழும் கட்டியை வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்கிறோம். பழைய பெயர் அக்கூஸ்டிக் நியூரோமா. இன்றும் சில மருத்துவச் சீட்டுகளில் அப்பெயரைக் காணலாம். இது புற்றுநோய் அன்று. உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது. வளரும் கட்டிகளும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே வளர்கின்றன. பல கட்டிகள் கண்டறியப்பட்ட பின் ஆண்டுக்கணக்கில் வளராமலேயே இருந்துவிடுகின்றன.

அப்படியானால் ஏன் இவ்வளவு அக்கறை? அது இருக்கும் இடம்தான் காரணம். உள்காதுக்கும் மூளைக்கும் நடுவே, எலும்பினுள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள குறுகிய குழல் ஒன்று இருக்கிறது. அதன் வழியாகத்தான் கேட்கும் நரம்பும், சமநிலை நரம்பின் இரு கிளைகளும், முகத்தசைகளை இயக்கும் நரம்பும் செல்கின்றன. அந்த இடுக்கில் ஒரு பட்டாணி அளவு கட்டி வளர்ந்தாலே முதலில் நெருக்கப்படுவது கேட்கும் நரம்பு. குழலைத் தாண்டி வெளியே வளர்ந்தால் அடுத்து இருப்பது சிறுமூளையும் மூளைத்தண்டும்.

1777-இல் லெய்டன் நகரின் எடுவார்ட் சாண்டிஃபோர்ட் ஒரு பிணக்கூறாய்வின்போது செவிநரம்பில் ஒட்டியிருந்த சிறு கடின உருண்டையை விவரித்தார். உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதை எப்படி அறிவது என்ற கேள்வி அதன் பிறகும் நெடுங்காலம் நின்றது. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917-இல் இக்கட்டி குறித்தே ஒரு நூல் எழுதினார். தம் நோயாளிகளிடம் அறிகுறிகள் எந்த வரிசையில் வந்தன என்று அவர் பொறுமையாகக் கேட்டுப் பதிந்ததே அந்நூலின் பெருமை. நடைதளர்ச்சி, தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காதில்தான் முதல் அறிகுறி தோன்றியிருந்தது.

நம் பகுதிக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது, இங்கிருந்து சிறிது தொலைவே உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-இல், அதுவும் இங்கிலாந்தில். ஸ்கேன் இல்லாத காலத்தில் இக்கட்டி பெரும்பாலும் பெரிதாக வளர்ந்த பிறகே பிடிபட்டது. இன்று ஐந்து மில்லிமீட்டர் கட்டியைக்கூடப் படத்தில் காண முடிகிறது. முன்னேற்றம் அந்த அளவுக்கு வந்திருக்கிறது. ஆயினும் காதில் தோன்றும் முதல் அறிகுறியைப் பொருட்படுத்தி நோயாளி வந்தால்தான் அது பயன்படும்.

ஸ்கேனுக்கு முன் நடக்க வேண்டியவை

‘நேராக ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிடுங்களேன் டாக்டர்’ என்று கேட்போர் பலர். அவர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: காதைப் பார்க்காமல் எடுக்கும் ஸ்கேன், கதவைத் தட்டாமல் கூரையைப் பிரிப்பது போன்றது. முதலில் விளக்கொளியில் காதைப் பார்ப்போம். குரும்பியோ சீழோ பூஞ்சையோ இருந்தால், அதை அகற்றிய அன்றே இரைச்சல் தணிந்து வீடு திரும்புவோர் உண்டு. பிறகு இசைக்கவையைத் தட்டி நெற்றியின் நடுவிலும் காதின் பின்புறத்து எலும்பிலும் வைத்துக் கேட்கச் சொல்வோம். இது பழைய சோதனைதான். ஆயினும் குறை ஒலி செல்லும் வழியில் உள்ளதா, நரம்பில் உள்ளதா என்பதை இரண்டு நிமிடத்தில் ஓரளவு சொல்லிவிடும்.

அடுத்தது ஆடியோகிராம் எனப்படும் கேட்புத்திறன் சோதனை. ஒலி புகாத சிறு அறையில் அமர்ந்து, காதில் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே எவ்வளவு கேட்கிறது என்பது ஒரு வரைபடமாக வரும். வலியில்லை, ஊசியில்லை, செலவும் குறைவு. அரை மணி நேரத்துக்குள் முடியும். ஸ்கேன் தேவையா என்ற முடிவு பெரும்பாலும் இந்தத் தாளில்தான் பிறக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நரம்புவழிக் கேட்புக் குறைவு உள்ளவர்களிடம், அடுத்தடுத்த இரண்டு சோதனை ஒலிகளில் இரு காதுகளுக்கும் இடையே 15 டெசிபல் அல்லது அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைக் கருதலாம் என்கிறது. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் 2014-இல் வகுத்த வழிகாட்டுதலும் காதிரைச்சல் உள்ள எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம் என்றே சொல்கிறது. இரைச்சல் ஒரு பக்கம் மட்டும் இருத்தல், நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தல், இரு காதுகளின் கேட்கும் திறன் வேறுபடுதல், நரம்பு சார்ந்த வேறு குறிகள் இருத்தல் ஆகிய நிலைகளை அது விலக்காகக் குறிப்பிடுகிறது.

நாங்கள் பின்பற்றும் முறையும் ஏறத்தாழ இதுவே. ஒரு காதில் இரைச்சலும் அதே காதில் கேட்புக் குறைவும் இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். இரைச்சலோடு முக மரத்துப்போதல், தள்ளாட்டம், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தயங்க மாட்டோம். இரைச்சல் மட்டுமே உள்ளது, ஆடியோகிராம் இரு பக்கமும் ஒன்றுபோல நன்றாக உள்ளது என்றால், கட்டி இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அத்தகைய நூறு பேருக்குப் படம் எடுத்தாலும் ஒருவருக்குக்கூடக் கட்டி தென்படாது போகலாம். அவர்களிடம் ஸ்கேன் உடனடித் தேவையில்லை என்பதை எடுத்துச் சொல்லி, ஆறு மாதம் கழித்து ஆடியோகிராமைத் திரும்ப எடுக்கச் சொல்கிறோம். மனம் அமைதி கொள்ளாமல் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்போரைத் தடுப்பதில்லை. அச்சத்தோடு ஆறு மாதம் காத்திருப்பதும் ஒரு துன்பமே.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று

இதுவரை சொன்னவை எல்லாவற்றிலும் சில வாரத் தாமதத்தால் பெரிய இழப்பில்லை. ஒரே ஒரு நிலை மட்டும் விதிவிலக்கு. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது, காலையில் எழுந்தபோதோ ஓரிரு நாட்களுக்குள்ளோ திடீரென அடைத்தாற்போல் மந்தமாகி, கூடவே ‘ஙொய்’ என்ற இரைச்சலும் கிளம்பினால், அது திடீர்ச் செவிட்டுத்தன்மையாக இருக்கலாம். சளி பிடித்திருக்கிறது, தலைக்குக் குளித்தபோது நீர் புகுந்துவிட்டது, தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணிப் பலர் பத்துப் பதினைந்து நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு மருந்தால் இதில் கேட்கும் திறனை மீட்கும் வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் அதிகம். இரண்டு வாரம் கடந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஆகவே அந்த வாரத்திலேயே, இயன்றால் அன்றைக்கே, காதுப் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். மலையூர்களில் இருப்போருக்கு ஜமுனாமரத்தூரிலிருந்தோ அமிர்திப் பக்கமிருந்தோ கீழே இறங்குவது ஒரு நாள் வேலை என்பதை அறிவோம். எனினும் இந்த ஒரு குறைக்கு அந்த ஒரு நாளைச் செலவிடத்தான் வேண்டும். இந்நிலையிலும் பின்னர் எம்.ஆர்.ஐ. எடுப்போம், ஆனால் ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போட மாட்டோம். நீங்களும் ‘ஸ்கேனுக்குப் பணம் சேர்ந்த பிறகு போகலாம்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மருந்துக்கு ஸ்கேன் தேவையில்லை.

எம்.ஆர்.ஐ. என்ன செய்கிறது?

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் மிக நுண்ணிய காந்தங்களைப் போல நடந்துகொள்கின்றன. எம்.ஆர்.ஐ. கருவியின் வலிமை மிக்க காந்தப்புலத்தில் அவை ஒருமுகப்படும். வானொலி அலையால் அவற்றைச் சற்றே அசைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் குறிப்புகளைக் கொண்டு கணினி படம் வரைகிறது. 1973-இல் பால் லாட்டர்பர் இம்முறையில் படம் உருவாக்கலாம் என்று காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. சி.டி. ஸ்கேனைவிட இதற்குச் செலவு கூடுதலாயிற்றே, சி.டி.யே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். சி.டி. எலும்பைக் காட்டுவதில் சிறந்தது. எலும்புக் குழலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு நரம்புக் கட்டியை அது தவறவிடக்கூடும். நமக்கு வேண்டியது நரம்பு.

உட்செவிக்கென எடுக்கப்படும் மெல்லிய அடுக்குப் படத்தில் மூளைநீர் பளீரென வெண்மையாகவும், நரம்புகள் கரிய இழைகளாகவும் தெரியும். நீர் நிறைந்த வாய்க்காலில் நான்கு நாணல்கள் நிற்பது போல அந்தக் குழலில் நான்கு இழைகள் தெரிய வேண்டும். அவற்றுக்கிடையே நீரை விலக்கிக்கொண்டு உருண்டையாக ஏதேனும் நின்றால் அதுவே ஐயத்துக்குரியது. பலருக்கு இந்தப் படமே போதும். மருந்து ஊசி வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் மட்டும் காடோலினியம் என்ற மருந்தைக் கைநரம்பில் செலுத்தி மறுபடி எடுப்பார்கள். கட்டி இருந்தால் அது ஒளிர்ந்து தெரியும். இம்மருந்து செலுத்தும் முன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது வழக்கம். நீரிழிவு நோயாளிகளும் சிறுநீரகக் குறை உள்ளவர்களும் அண்மைய இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தால் ஓர் அலைச்சல் மிச்சம். கருவுற்றிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி அந்த அறைக்குள் செல்வது பற்றி. கருவியின் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை உடையது, 1.5 டெஸ்லா என்பதே நாம் நிற்கும் நிலத்தின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. இரும்புப் பொருள் உள்ளே போனால் பாய்ந்து சென்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே தோடு, மூக்குத்தி, மெட்டி, அரைஞாண், இடுப்புச் சாவிக்கொத்து, கொண்டை ஊசி, ரவிக்கையில் குத்திய ஊக்கு என எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஊக்கைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாலியைக் கழற்ற மனம் வராத தாய்மார்களின் உணர்வை நாங்கள் மதிக்கிறோம். பொன் காந்தத்தால் ஈர்க்கப்படாது என்பது உண்மையே. ஆயினும் சங்கிலியின் கொக்கியிலோ கோத்த உருக்களிலோ வேறு உலோகம் கலந்திருக்கலாம், சூடேறவும் கூடும். வெறும் மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்துகொண்டு, பொன்னை உடன் வந்தவரிடம் கொடுத்து வைப்பதே நாங்கள் கூறும் வழி. வீட்டிலேயே இதைப் பேசி முடிவு செய்துகொண்டு வந்தால், ஸ்கேன் அறை வாசலில் கண்கலங்க வேண்டியிருக்காது.

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் கிளிப், காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆகியவை பொருத்தப்பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களின் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயினும் சரி. கையில் பச்சை குத்தியிருந்தால் பணியாளரிடம் காட்டுங்கள். அவ்விடத்தில் சூடு உணர்ந்தால் உடனே கைமணியை அழுத்தலாம்.

காதிரைச்சல் உள்ளவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது: கருவி பெரிய இரைச்சல் எழுப்பும். சம்மட்டியால் தட்டுவது போன்ற அவ்வொலி நூறு டெசிபலையும் தாண்டலாம். காதடைப்பான் தருவார்கள், அதைச் சரியாகப் பொருத்திக்கொள்ளாமல் படுக்காதீர்கள். இருபது முதல் நாற்பது நிமிடம் தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். குறுகிய இடத்தில் மூச்சு முட்டுவது போன்ற பயம் உள்ளவர்கள் முன்னதாகச் சொன்னால் அதற்கும் வழியுண்டு. கண்ணை மூடிக்கொண்டே உள்ளே செல்வது நல்ல உத்தி.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கணியம்பாடிக்கு அருகிலேயே உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், கடன் வாங்கும் முன் அத்திட்டத்தில் என்ன உதவி கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிய வேண்டும்.

அறிக்கையில் உள்ள சொற்கள்

ஸ்கேனைவிட அதன் அறிக்கைதான் பலரைக் கலங்க வைக்கிறது. மாலையில் அறிக்கை கிடைக்கும். மருத்துவரைப் பார்ப்பது மறுநாள். இடைப்பட்ட இரவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி வாசிக்க, வீடே விழித்திருக்கும். ஆகவே சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நரம்பை ஒட்டி இரத்தக்குழாய் வளையம் ஒன்று செல்கிறது என்று எழுதப்பட்டிருக்கலாம். இரைச்சலே இல்லாத பலரிடமும் அவ்வளையம் உண்டு. இரைச்சல் இல்லாத மறு காதின் பக்கமும் அதே வளையம் இருப்பதைப் பல படங்களில் காண்கிறோம். அதற்காக அறுவை செய்ய வேண்டும் என்று யாரேனும் சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். மூளையில் சிறு வெண்புள்ளிகள் என்பது ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம், அதிலும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களிடம், பரவலாகக் காணப்படுவது. இரைச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்லும் குறிப்பு அது. மூக்கைச் சுற்றிய அறைகளில் சவ்வு தடித்திருக்கிறது என்பது பெரும்பாலும் சளி பிடித்ததன் சுவடு. வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் படுபவை இவை. எதையும் தேடாமல் விட்டிருந்தால் இவை நம்மைத் தொல்லைப்படுத்தியிருக்கவும் மாட்டா. தேவையில்லாத ஸ்கேன் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குச் செலவோடு இதுவும் ஒரு காரணம்.

படம் நன்றாக இருக்கிறது என்ற விடையே பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. அப்போது எழும் மனக்குறை ஒன்றை அடிக்கடி கேட்கிறோம்: ‘ஒன்றுமில்லை என்கிறீர்கள், ஆனால் எனக்குக் கேட்கிறதே!’ வீட்டாரும் ‘அதுதான் ஒன்றுமில்லையாமே, பிறகென்ன’ என்று சொல்லத் தொடங்குவார்கள். இது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. கட்டி இல்லை என்று மட்டுமே ஸ்கேன் சொல்கிறது. இரைச்சல் பொய் என்று சொல்லவில்லை. உள்காதின் நுண்ணிய உணர்செல்கள் சேதமுறுவதை எந்த எம்.ஆர்.ஐ. கருவியும் காட்டாது. அங்கிருந்து வரும் குறிப்புகள் குறையும்போது, மூளை தன் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு, இல்லாத ஒலியையும் கேட்கத் தொடங்குகிறது என்பதே இன்றைய விளக்கம். ஆகவேதான் சந்தடி மிகுந்த வேலூர்க் கடைத்தெருவில் மறந்துபோகும் இரைச்சல், ஊரடங்கிய இரவில் தலையணையில் சாய்ந்ததும் பெரிதாகக் கேட்கிறது. மின்விசிறியோ, தாழ்ந்த ஒலியில் ஒரு வானொலியோ அருகில் இருந்தால் இதம் தரும். கேட்புக் குறைவு இருந்தால் காது கருவி இரைச்சலையும் தணிக்கும். இரைச்சலால் உறக்கமும் மனநிலையும் கெட்டிருந்தால் மனநல ஆலோசனை உதவும். அங்கே அனுப்புவதால் இரைச்சல் கற்பனை என்று நாங்கள் கருதுவதாகப் பொருளில்லை. காதிரைச்சலை அடியோடு போக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் சொட்டு மருந்துகளுக்கும் மாத்திரைகளுக்கும் பணத்தை இழக்காதீர்கள். அப்படி ஒரு மருந்து இருந்தால் நாங்களே முதலில் எழுதித் தருவோம்.

துடிப்போடு சேர்ந்து ‘தப், தப்’ என்று ஒலிக்கும் இரைச்சல் வேறு இனம். நாடியைப் பிடித்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாகச் செல்கின்றனவா என்று நீங்களே அறியலாம். இதற்கு இரத்த ஓட்டம் காரணமாக இருப்பதால், இரத்தக்குழாய்களைக் காட்டும் தனிப் படங்கள் தேவைப்படலாம். ஆயினும் நம் பகுதிப் பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவு. கடுமையான இரத்தசோகையில் இரத்தம் வேகமாக ஓடுவதாலேயே இவ்வொலி கேட்கலாம். சில மாத இரும்புச்சத்து மாத்திரையில் அது அடங்கிவிடக்கூடும்.

கட்டி இருந்தால்

அந்த அரிய சிலருள் ஒருவராக நீங்கள் இருந்தால், முதலில் அறிய வேண்டியது அவசரம் இல்லை என்பதே. கட்டியின் அளவு, வயது, அந்தக் காதில் எஞ்சியிருக்கும் கேட்கும் திறன், உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். சிறிய கட்டியைச் சிகிச்சை ஏதுமின்றிக் கண்காணிக்கலாம். வழக்கமாக ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று. வளர்வது தெரிந்தால், குறிவைத்துச் செலுத்தும் கதிர்வீச்சால் வளர்ச்சியை நிறுத்த முயலலாம். பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்கு அறுவை சிகிச்சையே வழி. எந்த வழியும் இழந்த கேட்கும் திறனைத் திருப்பித் தராது; இரைச்சலை நிறுத்தும் என்ற உறுதியும் இல்லை. இதை முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ‘கட்டியை எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்’ என்ற நம்பிக்கையில் அறுவைக்கு ஒப்புக்கொள்வது சரியன்று. இரு பக்கமும் கட்டி இருப்பவர்களும், இளம் வயதில் கட்டி காணப்பட்டவர்களும் மட்டும் பரம்பரைக் காரணம் குறித்துத் தனியாகப் பேச வேண்டும்.

கண்காணிப்பில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் படத்தை முந்தைய படத்தோடு அருகருகே வைத்து அளந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வளர்ச்சியையும் கண்டுபிடிக்க முடியும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது; குறுந்தகடும் படச்சுருளும் வேண்டும். அவற்றை மழை ஒழுகாத இடத்தில், ரேஷன் அட்டையும் பட்டாவும் வைக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும், முதல் ஸ்கேன் உட்பட அனைத்தையும் எடுத்து வாருங்கள்.